வெந்ததும் காய்ந்ததும்

கல்வராயன் மலை உயரத்தைக் காட்டி மிரட்டும் மலை அல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 அடியில் தொடங்கி, பெரிய கல்வராயன் பக்கத்தில் 4,000 அடியை ஒட்டி நின்றுவிடுகிறது. மூச்சுத் திணறலோ உறைபனியோ இங்கே கிடையாது. வெள்ளிமலை போன்ற ஊர்களில் கடைகள் உண்டு. ஆனால் தார்ச்சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, முறையான அனுமதியோடு இரண்டு நாள் நடக்கிறவருக்கு இடையில் கடை இல்லை. அவருடைய முதுகுப்பையில் இருப்பதுதான் உணவு. கூடாரம், போர்வை, மாற்றுத்துணி ஆகியவற்றின் எடை நாள் கூடினாலும் மாறாது. நாள் எண்ணிக்கைக்கேற்பக் கூடுவது உணவின் எடை மட்டுமே. ஆகவே பையைக் குறைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சோற்றைத்தான். அந்தச் சோற்றில் உண்மையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

வடித்த சோற்றின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர். அதனால்தான் 100 கிராம் அரிசி சுமார் 350 கிலோ கலோரி தரும்போது, 100 கிராம் சோறு 130 கிலோ கலோரிதான் தருகிறது. இட்லியும் இதே கணக்கில் வரும். சப்பாத்தியில் தண்ணீர் பாதிக்கும் குறைவு. சுமையோடு மேடேறும் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,000 கிலோ கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதை வெறும் சோறாகச் சுமந்தால் 2 கிலோ 300 கிராம். நல்லெண்ணெயும் நிலக்கடலையும் சேர்ந்த புளிச்சோறாக இருந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல். அதே ஆற்றலைக் காய்ந்த தானியமும் பருப்புமாகச் சுமந்தால் சுமார் 850 கிராம் போதும். மிச்ச எடை முழுவதும் தண்ணீர். கோமுகி ஆறு பிறக்கும் மலைக்கு அடிவாரத்திலிருந்து தண்ணீர் சுமப்பது தேவைதானா என்பது முதல் கேள்வி.

காய்ந்த அரிசியையே எடுத்துப் போய் மேலே பொங்கிக்கொள்ளலாமே என்பது இயல்பாக எழும் பதில். கல்வராயனில் அது முடியாத காரியமும் அல்ல. லே நகரம் இருக்கும் 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேக நெடுநேரம் ஆகும். இங்கே 1,000 மீட்டரில் கொதிநிலை 97 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, சோறு நன்றாகவே வேகும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே ஏறத்தாழ 300 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். காற்றடிக்கும் வெளியில் அடுப்பின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் பானையைத் தொடாமலே போய்விடுவதால், அதற்கு 15 கிராமோ அதற்குச் சற்று மேலோ எரிவாயு செலவாகும். அதன்பின் கால் மணி நேரம் வேகவைக்க இன்னும் கொஞ்சம். எரிவாயுவின் எடை சிறியதுதான். அடுப்பு, உருளை, பானை மூன்றும் சேர்ந்தால் தண்ணீரைத் தவிர்த்து மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு திரும்பப் போய்விடும். இவற்றைவிடப் பெரிய காரணம் நெருப்பே. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைத் தடை செய்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் சிக்கி உயிரிழந்த பிறகு, அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. காய்ந்த புல் மண்டிய சரிவில் மூன்று கற்களைக் கூட்டிப் பொங்குவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

அப்படியானால் உணவு காய்ந்ததாக இருந்தால் மட்டும் போதாது, முன்கூட்டியே வெந்ததாகவும் இருக்க வேண்டும். வேகுதல் என்றால் என்ன என்று இங்கே தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். தானியத்தின் மாவுச்சத்து, இறுகப் பின்னிய நுண்ணிய மணிகளாக இருக்கிறது. அந்த மணிகளைப் பிரிக்கத் தண்ணீர், வெப்பம் ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். அரிசியில் சுமார் 65 முதல் 80 டிகிரிக்குள் மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி, உள்கட்டு குலைந்து, நம் செரிமான நொதிகள் நுழைய வழிவிடுகின்றன. தண்ணீர் இல்லாத வெறும் சூட்டில் இது நடப்பதில்லை. வாணலியில் மணம் வர வறுத்து அரைத்த சத்துமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் குடிப்பது மலையேற்றத்துக்கு ஏற்ற எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அதிலுள்ள தானிய மாவுச்சத்தில் பெரும்பங்கு இன்னும் பச்சையாகவே இருக்கிறது. மணமும் நிறமும் வறுபட்டதைக் காட்டுமே தவிர வெந்ததைக் காட்டாது. வீட்டில் அதைக் கஞ்சியாகக் காய்ச்சியே குடிக்கிறோம் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அவல் இந்தச் சோதனையில் தேறுகிறது. நெல்லை ஊறவைத்து, அந்த ஈரம் உள்ளே இருக்கும்போதே சூடான மணலில் வறுத்து, சூடு ஆறுமுன் இடித்துத் தட்டையாக்குகிறார்கள். ஊறிய நெல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது, வெளியே சூடு இருக்கிறது. அரிசி உமிக்குள்ளேயே வெந்துவிடுகிறது. இடிபட்டுத் தட்டையாவதால் அதன் மேற்பரப்பு பெருகி, தண்ணீர் நடுவரை போகவேண்டிய தூரம் மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மெல்லிய அவல் இரண்டு மூன்று நிமிடத்திலும் கெட்டி அவல் பத்துப் பதினைந்து நிமிடத்திலும் குளிர்ந்த நீரிலேயே இளகுவதற்கு இவை இரண்டும்தான் காரணம். பொரியும் பொட்டுக்கடலையும் இதே குடும்பம்: உள்ளிருந்த ஈரம் சூட்டில் ஆவியாகிப் பிளந்துகொண்டு வெளியேறும்போது தானியம் வேகவும் செய்கிறது, காயவும் செய்கிறது. பொரி இடத்தை அடைக்கும் என்பதால் பைக்கு ஆகாது; அவல் அடக்கமானது. 1941இல் ஆப்கானியரான ஓசாய் துரானி என்பவர் அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்துக்குக் கொண்டுபோன உடனடி அரிசியின் அடிப்படையும் இதுவேதான்: முதலில் வேகவை, பிறகு நுண்துளைகள் மூடாதபடி காயவை. நம் ஊர் அவல் இடிக்கும் உரல்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

எடையைப் போலவே, உணவுப் பொட்டலங்களால் மலையில் சேரும் உறைக் குப்பையும் ஒரு கேள்வி; அதற்கும் பதில் இந்த உலர்த்தலில்தான் இருக்கிறது. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டியது உணவில் உள்ள மொத்தத் தண்ணீர் அல்ல. மாவுச்சத்தோடும் உப்போடும் சர்க்கரையோடும் பிணையாமல் கட்டற்றிருக்கும் தண்ணீர். இதை 0 முதல் 1 வரையான அளவால் குறிப்பார்கள். 0.9க்குச் சற்று மேலேயே பெரும்பாலான பாக்டீரியாக்கள் நின்றுவிடும், 0.6க்குக் கீழே பூஞ்சை உட்பட எதுவும் வளராது. பத்து, பன்னிரண்டு விழுக்காடு ஈரமுள்ள அவல் இந்தக் கடைசி எல்லையை ஒட்டியோ கீழேயோ நிற்கிறது. சோறு 1ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட சோற்றை நாள்கணக்கில் காக்க வேண்டுமானால், புளியின் அமிலத்தைத் துணைக்கு அழைக்க வேண்டும், அல்லது காற்றும் கிருமியும் புகாத உறைக்குள் அடைத்து அழுத்தத்தில் வேகவைக்க வேண்டும். பின்னதைத்தான் கடைகளில் விற்கும் ‘சூடாக்கிச் சாப்பிடு’ பொட்டலங்கள் செய்கின்றன. பாலியெஸ்டர், அலுமினியத் தகடு, பாலிப்ரொப்பிலீன் என்று ஒட்டிய அடுக்குகள் கொண்ட அந்த உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். 1961இல் மைசூரில் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் நம் படைவீரர்களுக்காக இத்தகைய உணவுகளில் ஆழமாக உழைத்திருக்கிறது. போர்முனையில் அவற்றுக்கு வலுவான காரணம் உண்டு. கல்வராயனின் மேகம் அருவிக்குப் போகிறவருக்கு அந்தக் காரணம் இல்லை. அவர் தூக்குவது பெரும்பாலும் தண்ணீர்; அந்தத் தண்ணீரைக் காக்கவே அலுமினியம். ஆக, உறை என்பது தண்ணீரைச் சுமப்பதற்காக நாம் தரும் இரண்டாவது விலை.

உடனடி நூடுல்ஸ் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும், ஏனெனில் மலையேறுகிறவர்களின் பையில் அதிகம் இருப்பது அதுதான். வெந்ததா? ஆம், ஆவியில் வெந்தது. காய்ந்ததா? ஆம், எண்ணெயில் பொரித்தே ஈரத்தை விரட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் மோமோஃபுகு அண்டோ 1958இல் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்த உத்தியைத்தான். எடையிலும் நேரத்திலும் அதைக் குறை சொல்ல முடியாது. பொரித்த எண்ணெய் அதில் 15 முதல் 20 விழுக்காடு வரை தங்கிவிடுவதில்தான் சிக்கல். ஒளியும் ஆக்சிஜனும் பட்டால் அந்த எண்ணெய் காறிப்போகும், எனவே நல்ல உறை இல்லாமல் அது நிற்காது. எழுபது கிராம் பொட்டலம் ஒன்று 300 கிலோ கலோரிக்குச் சற்று மேல் தருகிறது. ஒரு நாள் தேவையை அதிலேயே ஈடுகட்டினால் ஏறத்தாழ பத்துப் பொட்டலம். உள்ளே இருக்கும் மசாலா உறைகளோடு சேர்த்து இருபது உறைகள். சிறிய பொட்டலங்களே இதில் பெரிய குற்றவாளி என்பதை வடிவக் கணிதம் காட்டும். ஒரு கிலோவை ஒரே பையில் கட்டுவதற்குப் பதில் அதே வடிவத்தில் பத்து நூறு கிராம் பைகளாகக் கட்டினால், உறையின் மொத்தப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. மலையில் கிடக்கும் குப்பை குறைய, தடையோடு சேர்ந்து, மொத்தமாக வாங்கி ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகும் பழக்கமும் வேண்டும்.

இதற்கான பொருட்களுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் கள்ளக்குறிச்சியைச் சுற்றி நெல்லும் கரும்பும் விளைகின்றன. இந்தப் பக்கத்தில் மல்லாட்டை, மணிலா என்றெல்லாம் சொல்லப்படும் நிலக்கடலையும் விளைகிறது. ஒரு நாளைக்கு 350 கிராம் அவல், 150 கிராம் வறுத்த நிலக்கடலை, 100 கிராம் பொட்டுக்கடலை, 100 கிராம் வெல்லம், 30 கிராம் கொப்பரைத் துருவல். மொத்தம் 730 கிராம்; ஆற்றல் ஏறத்தாழ 3,000 கிலோ கலோரி, புரதம் 80 கிராமை ஒட்டி. புரதம் அரிசியில் குறைவு, கடலைகளில் அதிகம்; அரிசிப் புரதத்தில் குறைவான லைசின் பொட்டுக்கடலையில் நன்றாகவே இருப்பதால் ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்கிறது. காலையில் வெல்லமும் கொப்பரையும் சேர்த்து இனிப்பாக ஊறவைக்கலாம். மாலைக்குப் புளி அவல்: உடைத்த அவலுக்கு வேண்டிய கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாவற்றையும் வீட்டிலேயே தாளித்து ஆறவைத்து எடுத்துக்கொண்டால், மேலே புளியைக் கரைத்து ஊற்றுவது மட்டும்தான் வேலை. நிலக்கடலை வாங்கும்போது சுருங்கியதையும் பூஞ்சை தட்டியதையும் கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். சரியாகக் காயாத கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின், வறுத்தாலும் முழுதாக அழியாத நஞ்சு.

இதே மலையில் ஏராளமாக விளையும் மரவள்ளியை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கலாம். அதிலிருந்து வரும் ஜவ்வரிசி, ஈரமான மாவை உருட்டிச் சூடான தட்டில் வறுத்தெடுத்தது. அதனால் பாதி வெந்தது, காய்ந்தது, கெடாதது. ஆனால் அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். உருண்டையின் நடுவரை ஊற நெடுநேரமும் பிறகு கொதியும் வேண்டும். பாயசத்துக்குச் சிறந்தது, பைக்கு அல்ல.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான கேள்வி தண்ணீரைப் பற்றியது. சோற்றில் இருக்கும் தண்ணீர் வீண் சுமை என்கிறாய். நடக்கிறவர் எப்படியும் நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் குடித்தாக வேண்டும். சோற்றோடு உள்ளே போவதும் அந்தக் கணக்கில்தானே சேரும்? சரியான கேள்வி. காய்ந்த உணவால் எடை குறைவது, வழியில் தண்ணீர் கிடைத்தால்தான். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் கல்வராயனில் ஓடைக்கு ஓடை தண்ணீர் உண்டு. ஒரு ஓடையிலிருந்து அடுத்த ஓடை வரைக்குமானதைச் சுமந்தால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் அருவிகளே மெலிந்துவிடும். அப்போது அவலை ஊறவைக்கும் நீரையும் கீழிருந்தே தூக்கினால் கணக்கு சமமாகிவிடும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறே சிறந்தது. சில மணி நேரத்தில் தின்று தீரப்போகும் உணவுக்கு உலர்த்தலின் பயன் இல்லை. சோற்றில் வேகவைத்த பின்னும் பிழைத்திருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைத்துப் பெருகுவதைப் புளியின் அமிலம் தடுத்து நிறுத்துகிறது. வாழையிலையில் கட்டினால் மிஞ்சுவது மண்ணோடு மண்ணாகும். முதல் வேளைக்குப் புளிச்சோறு, மற்ற வேளைகளுக்கு அவல் என்பதே நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு.

இதோடு ஒட்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் கிருமியையும் கொன்றுவிடும். குளிர்ந்த நீரில் ஊறும் அவலுக்கு அந்தக் காப்பு இல்லை. மேலே ஊர்களும் கால்நடைகளும் இருக்கும் மலையில், ஓடை எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அப்படியே அள்ளி ஊற்றக் கூடாது. குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் வைத்த தண்ணீரோ, நல்ல வடிகட்டியில் வடித்த தண்ணீரோதான் அவலுக்கும் குடிப்பதற்கும். மாத்திரையின் எடை சில கிராம்; அதை மறந்துவிட்டுப் போனால் மேலே சொன்ன சிக்கனம் அனைத்தும் வயிற்றுப்போக்கில் முடியும்.

கொழுப்பைக் கூட்டினால் எடை இன்னும் குறையுமே என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி, மாவுச்சத்து 4 தான். ஆனால் மேட்டில் மூச்சு வாங்க ஏறும் தசை பெரிதும் நம்புவது சர்க்கரையை. உடலில் கிளைக்கோஜனாகச் சேமித்திருப்பதோ ஏறத்தாழ அரைக் கிலோதான், அது தீரத் தீர மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் மெதுவாகச் செரிக்கும், கசியும், காறும், அதைக் காக்க மீண்டும் உறை கேட்கும். கடலைக்குள் இயற்கையே அடைத்துவைத்த கொழுப்புக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. மழையில் துணிப்பையிலுள்ள அவல் நமத்துப்போகாதா என்பதும் நியாயமான கேள்வி. நமத்துப்போகும். ஆனால் ஊறவைத்துத் தின்னப்போகும் பொருளுக்கு மொறுமொறுப்பு தேவையில்லை, இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கவும் நேரமில்லை. நனையாமல் காக்க வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கனத்த பிளாஸ்டிக் பை போதும். திரும்ப வந்து கழுவிக் காயவைத்து அடுத்த முறையும் எடுத்துப்போகலாம். எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிப்போவது பார்க்க நன்றாக இருக்கும், எடைக்கு ஒவ்வாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நெல் அவலோடு நிறுத்தினால் இந்த மலைக்கு நியாயம் செய்ததாகாது. கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய பயிர் சாமை. மானாவாரி நிலத்தில், சரிவில், குறைந்த மண்ணில் விளைவது. அரிசியைவிட நார்ச்சத்து அதிகம் கொண்டது. மணி மிகச் சிறியது என்பதால் அரிசியைவிட விரைவாக வேகும். மலையேற்றப் பைக்கு இதைவிடப் பொருத்தமான தானியம் இந்த மலையில் வேறில்லை. ஆனாலும் சாமையை மலையில் அப்படியே பயன்படுத்த முடியாதபடி ஒரு தடை நிற்கிறது. அதன் தவிட்டில் கொழுப்பும் அதைச் சிதைக்கும் லிப்பேஸ் நொதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. உமி நீங்கி மணி அடிபடும்போது இரண்டும் கலந்துவிடுவதால், தவிடு நீக்காத சாமையும் அதன் மாவும் சில வாரங்களில் கசப்பேறிவிடுகின்றன. தவிட்டை முழுதும் தீட்டி எடுத்தால் கசப்பு போகும், சாமையின் சிறப்பும் கூடவே போகும். உமியோடு ஊறவைத்து ஆவியில் புழுக்கிக் காயவைத்தால் அந்தச் சூடு லிப்பேஸைச் செயலிழக்கச் செய்கிறது. அதே சூடும் ஈரமும் மாவுச்சத்தையும் வேகவைத்துவிடுகின்றன. அதன் பிறகு உமி நீக்கித் தட்டையாக்கினால் சாமை அவல். சிறுதானிய அவல் இப்போது நகரக் கடைகளில் கிடைக்கிறது, பெரும்பாலும் பளபளக்கும் சின்னச் சின்ன உறைகளில். விளைகிற இடத்துக்கு அருகிலேயே புழுக்கி, இடித்து, சாக்கிலிருந்து அளந்து விற்க வேண்டியது ஆவிக்கலனும் உருளை இயந்திரமும் கொண்ட ஒரு சிறு ஆலையின் வேலை. மலையேற வருகிறவர் அடிவாரத்தில் தன் பையை நீட்டி இரண்டு நாளைக்கானதை வாங்கிக்கொண்டு ஏறினால், உணவின் விலையும் அந்தச் சரிவில் சாமை விதைத்தவருக்கே போகும்.